பாப்பா கூப்பிட்ட மாமா

சில வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாத்தூர் பக்கம் இருக்கன்குடி கோயிலில் என் மகளுக்குக் காது குத்தினோம். அன்றைக்கு நடந்த கூத்தை யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் போனால் அழுகை வந்துவிடும். அதனால் இதுவரை ஒருத்தரிடமும் ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை. எழுதினாலாவது முடிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது சிவகாசி, வாக்கப்பட்டது விருதுநகர். கணவருக்கு வத்தல் கமிஷன் கடை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மாமியார், எங்கள் மகள் பாப்பா. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு அண்ணன்தான். விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ் வைத்திருக்கிறார். தங்கமான மனிதர், ஆனால் கோபக்காரர். நானும் அப்படித்தான், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஆயிற்றே!

பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்து, அண்ணன் மடியில் உட்கார வைத்து முதல் மொட்டை போட்டு வந்த சமயம் அது. எங்கள் மாடி வீடு காலியாக இருந்தது. புரோக்கர் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தார். தான்சானியா நாட்டுக்காரர்கள். கணவர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்தவர். மனைவி, ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் ஒரு மகள். சித்திரை வெயிலில் ஊரெல்லாம் அலைந்து, போன வீட்டிலெல்லாம் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்ற பதிலைக் கேட்டுக் களைத்துப்போய் வந்திருந்தார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் முதலில் மோர் கொடுத்தேன். அந்தப் பெண் மோரைக் குடித்துவிட்டு என் மாமியாரைப் பார்த்து லேசாகக் குனிந்து, ‘ஷிகமூ’ என்றாள்.

“யாருக்குத்தா சீக்கு?” என்று பதறிப்போனார் மாமியார்.

பெரியவர்களைப் பார்த்தால் அவர்களுடைய சுவாஹிலி பாஷையில் சொல்கிற வணக்கமாம் அது. ‘உங்கள் காலைத் தொடுகிறேன்’ என்று அர்த்தமாம். அவள் கணவர் ஆங்கிலத்தில் விளக்கியதை என் கணவர் தமிழில் சொல்ல, மாமியாருக்கு முகமெல்லாம் பல். “பாத்துக்கோ” என்று என்னை ஒரு பார்வை வேறு பார்த்தார். “வடகம் காயப்போட மொட்டமாடியில எடம் விட்டாப் போதும், வரச் சொல்லு” என்று தீர்ப்பையும் சொல்லிவிட்டார். அன்றைக்கே சாவி கைமாறியது.

அவளை நாங்கள் ‘மாடித் தங்கச்சி’ என்றும் அவள் கணவரை ‘மாடித் தம்பி’ என்றும் கூப்பிட ஆரம்பித்தோம். அவள் என்னை அக்கா என்றாள். என் கணவரை மட்டும் மரியாதையாக ‘காக்கா’ என்றாள்! அவர்கள் பாஷையில் காக்கா என்றால் அண்ணன். இது விளங்குவதற்குள் தெருவில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. இவர் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் எதிர்வீட்டுக்காரர், “காக்கா பறந்திருச்சா?” என்று கேட்பார். அப்புறம் அவளே திருத்திக்கொண்டு அண்ணே என்றாள். தமிழை அவள் என் மாமியாரிடமும் காய்கறி வண்டிக்காரரிடமும் படித்ததால், அங்கன, இங்கன, எம்புட்டு என்று அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கு வந்துவிட்டது.

இன்னொரு வார்த்தையும் உண்டு. அவர்கள் பாஷையில் அம்மாவுக்கு ‘மாமா’ என்று பெயர். பெற்ற அம்மாவை மட்டுமல்ல, பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணையும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மாடியில் அவள் மகள் நாள் முழுக்க ‘மாமா, மாமா’ என்று அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். என் பாப்பா அப்போதுதான் பேச்சுப் பழகுகிறாள். பாதி நேரம் மாடியில்தான் கிடப்பாள். அவளும் மாடித் தங்கச்சியை ‘மாமா’ என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். எத்தனையோ தடவை திருத்திப் பார்த்தோம். மாடித் தங்கச்சிக்கோ அப்படிக் கூப்பிடுவது பிடித்துவிட்டது. “இருக்கட்டும் அக்கா, எனக்கு எங்க ஊர்ல இருக்க மாதிரி இருக்கு” என்றாள். அதற்கு மேல் யார் திருத்துவார்கள்?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் காதுக்கு விஷயம் எட்டும்வரை.

ஒருநாள் சாயங்காலம் வந்தார். நான் வைத்த காபியைத் தொடவில்லை.

“மாடிக்கு வேற ஆளே கெடைக்கலையா ஒனக்கு? நாலு எடத்துல பேச்சாயிருச்சு. அவுகளைக் காலி பண்ணச் சொல்லு.”

“அவுக என்னண்ணே தப்பு பண்ணுனாக?”

“தப்பு பண்ற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? எந்த ஊரோ, எந்தத் தேசமோ!”

“எந்தத் தேசமோ இல்ல, எங்க வீட்டு மாடி. அதுக்கு நாங்கதான் ஆள் வைக்கணும்.”

சொன்னதுதான் தாமதம், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். “அவுக இருக்கிற வரைக்கும் ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்றார். போய்விட்டார். நானும் போகட்டும் என்று விட்டேன். ராத்திரிக்குள் போன் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை.

வருஷா வருஷம் தீபாவளி நெருங்கும்போதே அண்ணன் வீட்டிலிருந்து ஒரு பெரிய பெட்டி நிறையப் பட்டாசு வந்து இறங்கும். அந்த வருஷம் வரவில்லை. சிவகாசியில் பிறந்தவள் விருதுநகர் பஜாரில் வரிசையில் நின்று பட்டாசு வாங்கினேன் என்றால், அந்த அவமானம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும். கடைக்காரர் தெரிந்தவர். “என்னம்மா, அண்ணன் பெட்டி அனுப்பலையா?” என்று கேட்டுவிட்டார். “சீசன்ல மறந்திருப்பாக” என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன்.

அழுகையோடு ஆரம்பித்த தீபாவளியைக் காப்பாற்றியது மாடி வீடுதான். மாடித் தம்பி வீராப்பாக ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டு ஓடினார் பாருங்கள், ஒரு செருப்பு வாசலில், இன்னொன்று படிக்கட்டில், ஆள் மொட்டை மாடியில்! சரம் வெடித்து முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எட்டிப் பார்த்தார். தெருவே சிரித்தது. மாடித் தங்கச்சி என் மாமியாரோடு உட்கார்ந்து அதிரசம் தட்டினாள். அவள் தட்டியது ஒவ்வொன்றும் ஒரு தோசை அகலம்.

கிறிஸ்துமஸ் வந்தபோது எங்களை மாடிக்குக் கூப்பிட்டார்கள். பட்டை, கிராம்பு போட்டுப் புலாவ் செய்திருந்தாள். கூடவே ஒரு பெரிய பாத்திரத்தில் வெள்ளையாக எதையோ கிண்டி வைத்திருந்தாள். உகாலியாம், மக்காச்சோள மாவில் செய்வதாம். மாமியார் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். மீன் குழம்பில் தொட்டு வாயில் போட்டார். “அடியாத்தீ, இது நம்ம களிதானத்தா! இதைத் திங்க அம்புட்டுத் தூரத்துல இருந்தா வந்தா இவ!” என்றார். அன்றைக்கு அவர் சாப்பிட்ட அளவு கல்யாண வீட்டில்கூடச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த வாரமே மாமியார் கம்மங்களி கிண்டி மாடிக்குக் கொடுத்துவிட்டார்.

இப்படி மாடியில் ஒரு சொந்தம் முளைத்துக்கொண்டிருந்தது. சிவகாசியில் இருந்த சொந்தம் முறைத்துக்கொண்டு கிடந்தது.

பாப்பாவுக்கு மூன்றாவது வயதில் காது குத்தியாக வேண்டும் என்றார் மாமியார். காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். தோடும் மாமன் வீட்டுத் தோடாக இருக்க வேண்டும். வெற்றிலை பாக்கோடு நானும் கணவரும் சிவகாசிக்குப் போனோம். மதினி, அதுதான் அண்ணன் மனைவி, ஓடி வந்து தட்டை வாங்கிக்கொண்டார். அண்ணன் ஈஸிசேரில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

“மாடி காலியாயிருச்சா?” என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“இல்ல.”

“அப்ப சரி” என்றார். பேப்பர் இறங்கவே இல்லை.

திரும்பி வரும்போது கணவர் பக்குவமாகப் பேச்செடுத்தார். ஏழாயிரம்பண்ணையில் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரை உட்கார வைத்துக் குத்திவிடலாமே என்றார். எனக்கு வந்ததே கோபம்! “கூடப் பெறந்தவரு குத்துக்கல்லாட்டம் இருக்கையில இன்னொருத்தர் மடியா? அவரு வந்தாத்தான் காதுகுத்து. அவரு வருவாரு” என்றேன். வருவார் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு ஒருவரை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டால், பிறந்த வீட்டுக் கதவை நானே சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். அது ஒன்றுதான் என் மனதில் ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு வண்டிகளில் கிளம்பினோம். மாடிக் குடும்பமும் வந்தது. “ஒருவேளை மச்சான் வந்துட்டா வம்பாயிருமே” என்று கணவர் இழுத்தார். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டேன். மாடித் தங்கச்சி நான் எடுத்துக் கொடுத்த சுங்குடிச் சேலை கட்டி, தலைக்குப் பூப்போட்ட துணியைச் சுற்றியிருந்தாள். அண்ணன் எதற்காக வருவதில்லை என்று அவர்களிடம் நான் மூச்சுக்கூட விட்டதில்லை.

பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் குத்தியாக வேண்டும். ஆற்று மணல் அப்போதே கொதிக்க ஆரம்பித்துவிட்டது. காது குத்துகிற ஆசாரி முன்னால் எங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் நாலைந்து குடும்பங்கள் காத்திருந்தன. முன்னால் குத்துப்பட்ட பிள்ளைகள் போட்ட கூப்பாட்டைக் கேட்டுப் பாப்பா என் இடுப்பிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கப் பார்த்தாள். நான் அவளைப் பிடிப்பேனா, வாசலைப் பார்ப்பேனா! வருகிற ஒவ்வொரு வெள்ளை வேட்டியும் அண்ணன் மாதிரியே தெரிந்தது. கிட்டே வந்தால் வேறு யாரோ.

எங்கள் முறை வந்துவிட்டது. ஆசாரி அவசரக்காரர். தலையைக்கூட நிமிர்த்தாமல், சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே சத்தம் போட்டார். “மாமா யாருங்க? மாமா... மாமா வாங்க, வந்து உக்காருங்க, நேரம் போகுதுல்ல!”

“வந்துட்டேன், வந்துட்டேன்” என்று ஒரு குரல். பார்த்தால், மாடித் தங்கச்சி பலகையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்!

என்னதான் தமிழ் படித்தாலும், அவசரத்தில் காது தாய்மொழியைத்தானே கேட்கும்? ‘அம்மா வாங்க, வந்து உக்காருங்க’ என்று யாரோ மரியாதையாகக் கூப்பிட்டதாகத்தான் அவளுக்குப் பட்டிருக்கிறது. அதற்குள் பாப்பா வேறு இரண்டு கையையும் நீட்டி, “மாமா! மாமா!” என்று கத்திக்கொண்டு என் இடுப்பிலிருந்து அவள் மடிக்கே தாவிவிட்டாள்.

ஆசாரி அப்போதுதான் நிமிர்ந்தார். சேலையைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார். “இவுகளா தாய்மாமன்?” என்றார்.

பின்னால் வரிசையில் நின்ற கூட்டம் குபீரென்று சிரித்தது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். மாடித் தங்கச்சிக்கு அந்தச் சிரிப்பில்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். என் கணவரும் பாப்பாவைத் தூக்கக் கையை நீட்டினார். நான் பாப்பாவைப் பார்த்தேன். காலையிலிருந்து வீறிட்ட பிள்ளை, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கப்சிப் என்று இருந்தது. வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. மணி பத்தே கால் தாண்டிவிட்டது.

“எந்திரிக்காத. அப்படியே உக்காரு” என்றேன். “ஐயா, நீங்க குத்துங்க.”

 சரி, வராதவருக்காக எவ்வளவு நேரம்தான் நிற்பது? எதற்கும் இருக்கட்டும் என்று கணவர் வாங்கி வைத்திருந்த வெள்ளைக்கல் தோட்டை எடுத்துக் கொடுத்தார். ஆசாரி மை வைத்தார், ஊசியைத் தேய்த்தார், ஒரு நொடியில் ஒரு காது முடிந்தது. பாப்பா கோபுரத்துக்குக் கேட்கிற மாதிரி அலறினாள். “மாமா! மாமா! மாமா!”

அடுத்த நிமிடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை. கொதிக்கிற மணலில் ஓடி வந்திருக்கிறார். சட்டை முழுக்க வேர்வை. “மாமா வந்துட்டேன்டா தங்கம், இந்தா வந்துட்டேன்” என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து நின்றார் என் அண்ணன்.

மதினி பின்னாலேயே மூச்சு வாங்க வந்தார். அப்புறம் அவர் சொல்லித்தான் தெரியும். அண்ணன் காலையில் எங்களுக்கு முன்னாலேயே வந்து, வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாராம். பின் சீட்டில் சீர்த்தட்டு, சட்டைப்பையில் தோடு. “இறங்குங்க” என்று மதினி எத்தனை தடவை சொல்லியும் அசையவில்லையாம். அந்த அலறல் கேட்டதும்தான், “பிள்ளை என்னையக் கூப்பிடுதுடி” என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினாராம்.

அவருக்கு எப்படித் தெரியும், அது வேறு மாமா என்று!

வந்து நின்றவர் மடியைப் பார்த்தார். மடிக்கு உரியவளைப் பார்த்தார். முகம் கறுத்துச் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அதற்குள் பாப்பா தலையைத் தூக்கி, கண்ணீரும் மூக்குமாக அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாடித் தங்கச்சியிடம் கேட்டாள்: “மாமா, இது யாரு?”

 அண்ணனின் நீட்டிய கை அப்படியே நின்றது. யாரை யார் மாமா என்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. “என்னையத் தெரியலையாத்தா அவளுக்கு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் கண் கலங்கி நான் பார்த்தது, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுதான். இப்போது இரண்டாவது தடவை. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாடித் தங்கச்சி, பாப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டு அவள் காதருகில் குனிந்தாள். “நான் மாமா இல்ல கண்ணு. அவுகதான் மாமா” என்றாள். ‘எங்க ஊர்ல இருக்க மாதிரி இருக்கு’ என்று ஆசையாக வைத்துக்கொண்டிருந்த பெயர் அது. அதை ஒரு நொடியில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். “நான்...” என்று மேலே சொல்ல வந்தவளுக்குத் தான் யார் என்று சொல்லத் தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சித்தி” என்றேன் நான். “சித்தின்னு சொல்லு.”

“நான் சித்தி” என்றாள் பாப்பாவிடம். சொல்லிவிட்டு எழப் போனாள். பாப்பா விட்டால்தானே! சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

அண்ணன் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “எந்திரிக்க வேண்டாம்மா, நீ அப்படியே உக்காரு. கொஞ்சம் நகண்டா போதும், நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்” என்றார். ஒரே பலகையில் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாப்பாவின் கால் இரண்டும் அண்ணன் மடியில், தலை மாடித் தங்கச்சியின் தோளில். “நல்லாருக்கு, நல்லாருக்கு. இந்தக் கோலத்துல நான் குத்துனதே இல்ல” என்றார் ஆசாரி. மறு காதுக்கு அண்ணன் சட்டைப்பையிலிருந்து தோட்டை எடுத்தார். சிவப்புக்கல்!

ஊசி இறங்கிய அதே நொடியில், பாப்பாவின் அலறலுக்கும் மேலே ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது. எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குப் பெண்கள் குலவை போடுவது வழக்கம். மாமியார்தான் போடுகிறார் என்று திரும்பினேன். அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். போட்டது மாடித் தங்கச்சி. அவர்கள் ஊரிலும் சந்தோஷத்துக்கு இதே குலவைதானாம்! அடேயப்பா, அவள் தொண்டையில் அப்படி ஒரு சக்தி. மாமியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. இவரும் போட்டார். மதினி போட்டார். வரிசையில் நின்ற முன்பின் தெரியாத பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு எல்லார் வாயையும் பார்த்தது. பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

எங்கள் வீட்டு ஹாலில் அன்று எடுத்த போட்டோ மாட்டியிருக்கிறது. பாப்பாவுக்கு ஒரு காதில் வெள்ளைக்கல், ஒரு காதில் சிவப்புக்கல். வருகிறவர்கள் எல்லாரும் ஏன் என்று கேட்பார்கள். மாமியார் முழுக்கதையும் சொல்லாமல் விடமாட்டார்.

ஆனி கடைசியில் குற்றாலத்தில் சாரல் என்று தெரிந்ததும், ஒரு வேன் பிடித்துக்கொண்டு அண்ணனே வாசலில் வந்து நின்றார். வாசல்படியை மிதித்து ஏறி, மாடிப்படியையும் மிதித்து ஏறி, “கெளம்புங்க, கெளம்புங்க” என்று மாடி வீட்டுக் கதவையும் தட்டினார். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வேனில் மாடித் தம்பி பாட, அண்ணன் ஒரு வார்த்தை புரியாமல் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

குற்றாலத்தில் மாடித் தங்கச்சி, “தலை நனைய மாட்டேன் அக்கா” என்று அடம்பிடித்தாள். பொடிப்பொடியாகப் பின்னிய அந்தச் சடைகளைப் போட அவளுக்கு முழு ஒரு நாள் ஆகும். தலையில் ஒரு கேரி பேக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு அருவிக்குள் நுழைந்தாள். முதல் அடியிலேயே பை பறந்துவிட்டது. அப்புறம் என்ன, ஒரு மணி நேரம் அவளை வெளியே இழுக்க முடியவில்லை. பக்கத்தில் குளித்த பெண்களெல்லாம் சடையைத் தொட்டுத் தொட்டு, “எம்புட்டு நேரமாகும் இதுக்கு?” என்று விசாரித்தார்கள். அந்தப் பக்கம் எண்ணெய் தேய்க்கிறவர் மாடித் தம்பியைக் குப்புறப் போட்டு முதுகில் பளார் பளார் என்று அடிக்க, அவர் போட்ட சத்தத்துக்குக் குரங்குகள் மரம் ஏறின. அண்ணன் பக்கத்தில் நின்று, “இன்னும் ரெண்டு போடுங்க, நல்ல உடம்பு” என்று சிபாரிசு செய்தாராம்.

திரும்பும் வழியில் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் சாப்பிடாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று மாடித் தம்பியிடம், “தம்பி, ஒங்களை வீட்டைக் காலி பண்ணச் சொன்னதே நாந்தான். தெரியுமா?” என்றார்.

“தெரியும் அண்ணே” என்றார் மாடித் தம்பி. “கீழ சத்தம் கேட்டுச்சு. கொஞ்சம் கொஞ்சமாப் புரிஞ்சுச்சு. நாங்க வேற வீடு பாத்துட்டோம். காதுகுத்து முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தோம்.”

கையில் எடுத்த பரோட்டாவை இலையிலேயே வைத்துவிட்டேன். ஒவ்வொரு தெருவிலும் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்ற ஊரில், திரும்பவும் வாசல் வாசலாக ஏறி இறங்கி வீடு பார்த்திருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை!

“ஏன்?” என்று அண்ணன்தான் கேட்டார்.

“எங்க ஊர்லயும் அம்மா கூடப் பொறந்தவருக்குத்தான் எல்லா முதல் மரியாதையும் அண்ணே. அவரு இல்லாம வீட்ல ஒண்ணும் நடக்காது. எங்களால அக்கா வீட்டுக்கு நீங்க வராம இருந்தா அது பாவம்” என்றார்.

“காலி பண்ணிருவீகளோ? சாவியக் குடுத்தா நான் வாங்கிருவேனா, பாப்போம்!” என்று நான் கடை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். கத்தும்போதே அழுதும் விட்டேன். மாடித் தங்கச்சி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையோடு என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.  அண்ணன் தன் இலையில் இருந்த சுக்கா வறுவலை எடுத்து மாடித் தம்பியின் இலையில் வைத்தார்.

அந்த வருஷப் பொங்கலுக்கு முந்தின நாள் அண்ணன் வந்தார். கல்யாணம் செய்து கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் வருவது எங்கள் வழக்கம். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு சேலை. ஆனால் வண்டியிலிருந்து இரண்டு கரும்புக் கட்டு இறங்கியது. எல்லாமே இரண்டிரண்டாக இறங்கியது.

“எதுக்கண்ணே எனக்கு இம்புட்டு?” என்றேன்.

“ஒனக்கு ஒண்ணுதான்” என்றார். இன்னொரு கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். கதவைத் திறந்த மாடித் தங்கச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. கரும்பையும் பார்க்கிறாள், அண்ணனையும் பார்க்கிறாள்.

“பொங்கச் சீரும்மா. பெறந்த வீட்டுல இருந்து குடுக்கிறது” என்றார் அண்ணன். அவள் இன்னும் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஏதோ கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். “பாப்பாவுக்கு நீ சித்தின்னா, எனக்குத் தங்கச்சிதான?”

அவள் கரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. இந்த மண்ணில் அவளுக்கென்று ஒருவர் சீர் கொண்டுவந்தார் என்பதை ராத்திரியே போன் போட்டு அவள் அம்மாவிடம் சொன்னாள். அந்தப் பக்கமும் அழுகைச் சத்தம் கேட்டது, கூடவே ஒரு குலவையும் கேட்டது.

அண்ணனின் கோபத்துக்குப் பயந்து, அன்றைக்கு அந்தப் பலகையில் தெரியாமல் உட்கார்ந்தவளை நான் எழுந்திருக்கச் சொல்லியிருந்தால், என் பிறந்த வீட்டில் ஒரு தங்கச்சி பிறக்காமலே போயிருப்பாள்.